ஊர்வல வேகத்தில் ஒரு டர்போ

ஆகஸ்ட் 18, திங்கள்

மைத்துனர் குற்றாலலிங்கத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அவர் மகன்கள் இருவரும் கனடா கிளம்பும் முன் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்கள்.

"கார் ஒங்களுக்குத்தான்னு அப்பா சொல்லிட்டாக மாமா."

எனக்கு எதற்கு என்று கேட்க நினைத்தேன். "பார்க்கலாம்" என்றுதான் வந்தது.

என் வாயில் 'இல்லை' என்ற சொல் வருவதில்லை. கல்லூரியில் கணிதம் நடத்திய காலத்தில் விடை தவறென்றால்கூட மாணவனிடம் 'பார்க்கலாம்' என்றே சொல்லியிருக்கிறேன். திருநெல்வேலி டவுனில் அதற்கு இல்லை என்று பொருள். இதுவரை யாரும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை. பையன்கள் வெளிநாட்டில் இருந்து பழகிவிட்டார்கள் போலும்.

சிவப்பு நிறம், மேல்கூரை மடங்கும் அமெரிக்கக் கார். ஸ்டியரிங் இடப்பக்கம். ஊரில் இதற்கு மாப்பிள்ளை கார் என்று பெயர். இன்று கதவைத் திறந்து மூடியதோடு சரி. என் மனைவி வடிவு தன் பழைய சேலைத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் கார், துடைக்கட்டும்.

தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது. நான் மாட்டியது தலைகீழாக இருக்கலாம்.

பிறகு காரின் முன் மூடியைத் திறந்தேன். இன்ஜின் இல்லை. ஒரு பட்டுத் தலைப்பாகை, ஜரிகைக் குடை, ஆரத்தித் தட்டு, வற்றிப்போன திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று. திருட்டுப் போய்விட்டது என்று எண்ணி வடிவைக் கூப்பிட்டேன்.

"பின்னால இருக்கும், பாருங்க" என்றாள், கீரை ஆய்வதை நிறுத்தாமல். "இத்தன வருசமா இந்தக் காரைப் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

பின்னால் இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

நாள் முழுவதும் காரின் கையேட்டையும், மைத்துனர் சேர்த்து வைத்திருந்த பழைய மோட்டார் பத்திரிகைகளையும் படித்தேன். குறிப்புகள்:

பெயர் செவர்லே கார்வேர் மோன்ஸா ஸ்பைடர், 1962. வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்த சிறு கார்களுக்குப் போட்டியாக அமெரிக்காவில் இறக்கிய 'சிறிய' கார் இது. எங்கள் தெருவில் இது நுழைந்தால் எதிரே வரும் மாடு நின்று யோசிக்கிறது. இன்ஜின் பின்புறம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது; காற்றிலேயே குளிர்கிறது. பின் மூடியில் வரிசையாகச் சன்னல் போன்ற துளைகள். அவற்றின் வழியாக ஒரு விசிறி காற்றை உறிஞ்சி இன்ஜின்மேல் வீசுகிறது.

ஸ்பைடர் வகைக்கு மட்டும் டர்போ உண்டு. கடையில் விற்பனைக்கு வந்த கார்களில் டர்போ வைத்த முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று. இன்ஜின் கழித்து வெளியே விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரம் இன்னொன்றைச் சுழற்றி, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. விட்ட மூச்சை வைத்தே அதைவிடப் பெரிய மூச்சு வாங்கும் ஏற்பாடு. இவ்வளவு துணிச்சலான யோசனை எனக்கு எந்தத் துறையிலும் வந்ததில்லை.

ஆரம்ப வருடங்களின் கார்கள் வளைவில் வால் வீசும் என்று ஒரு வழக்கறிஞர் எழுதப்போய்ப் பெரிய ரகளை. விற்பனை விழுந்தது. 1969-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். சில வருடம் கழித்து அரசாங்கம் சோதித்துப் பார்த்து, அக்காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்றது. மோசமில்லை என்ற சான்று ஓய்வுக்குப் பிறகு வந்துசேர்வது எனக்குப் புதிதில்லை. இந்தக் கார்மேல் லேசாக ஒரு பிரியம் ஏற்பட்டது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் டர்போவின் அழுத்தம் காட்டும் வட்டம் ஒன்று இருக்கிறது. வேகமாகப் போனால் ஊசி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகுமாம். ஆனால் இந்தக் கார் அறுபத்தாறில், இங்கே வேலை பார்த்த ஓர் அமெரிக்க இன்ஜினியரிடமிருந்து மைத்துனர் கைக்கு வந்ததிலிருந்து, மாப்பிள்ளை அழைப்பில் நாயனக்காரர் நடக்கும் வேகத்தில் நான்கு ரத வீதிகளைச் சுற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. திருச்செந்தூருக்கு அரை மணியில் போய்விட்டு வந்ததாக மைத்துனர் சொல்வார். சத்தமாகச் சொல்வார். யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெங்களூரிலிருந்து போபண்ணா என்பவர் ஃபோன் செய்தார். பழைய கார்கள் சேர்ப்பவர். கனடாப் பையன்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், அந்த ஸ்பைடர் எனக்குக் குடுப்பீங்களா? குழந்தை மாதிரி வச்சுக்குவேன்."

"பார்க்கலாம்" என்று தெளிவாக மறுத்துவிட்டேன்.

"அய்யோ, தாங்க்ஸ் சார்!" என்றார். மறுத்ததற்கு நன்றி சொல்வது பெங்களூர்ப் பண்பாடாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேல ரத வீதி சங்கரநயினார் பிள்ளை வந்தார். அவர் அக்காள் மகனுக்குச் செப்டம்பர் நான்காம் தேதி கல்யாணம். மூன்றாம் தேதி மாலை மாப்பிள்ளை அழைப்புக்குக் காரை மைத்துனர் எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தாராம்.

"சார்வாள்தான் ஓட்டணும். வேற ஆளுக்கு இடப்பக்க ஸ்டியரிங் பிடிபடாதுவே."

"பார்க்கலாம்" என்றேன்.

சங்கரநயினார் டவுன்காரர். உடனே முகம் தொங்கியது. அப்போது வடிவு காப்பியோடு வந்து, "அவுக வருவாக அண்ணாச்சி. நீங்க கவலப்படாதீங்க" என்றாள்.

எனக்காக அவள் இப்படி வாக்குக் கொடுத்தது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒத்திகை. அதிகாலையில் ஆளில்லாத ரத வீதியில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் டயருக்குக் காற்று. பின் சக்கரத்துக்கு இருபத்தாறு, முன் சக்கரத்துக்குப் பதினைந்துதான் என்கிறது கையேடு. எடை முழுவதும் பின்னால் என்பதால் அப்படி. காற்றுக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பதினஞ்சா? சார்வாள், எங்க வீட்டுத் தலையணையில இதவிடக் கூடுதலா இருக்கும்."

அவர் முப்பது வைத்தார். நான் தெருமுனையில் நிறுத்தி, குண்டூசியால் பதினைந்துக்கு இறக்கினேன்.

திரும்பி வந்தபோது வடிவு வாசலில் நின்றிருந்தாள். இன்ஜினை அணைத்ததும் கேட்டாள்.

"திருச்செந்தூர் வரைக்கும் ஓடுமா இது?"

"ஓடும். கையேட்டின்படி தாராளமாக ஓடும்."

"ஒரு நா போலாமா?"

"பார்க்கலாம்."

உள்ளே போய்விட்டாள். இன்று புளிக்குழம்பில் உப்பு இல்லை. புது பாக்கெட் உடைத்தாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ரசத்திலும் உப்பு இல்லை. ரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

மோட்டார் ஒழுகல் நின்றது. காரணம் தெரியவில்லை.

மாலையில் வடிவு காரின் கதவுக் கைப்பிடியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம கல்யாணத்துல நீங்க எந்தப் பக்கம் உக்காந்து வந்தீங்க?"

"பின் சீட்டுக்கு மேல், நடுவில். உன் அண்ணன் ஓட்டினார்."

"நான் மச்சிலருந்து பாத்தேன். தலப்பாக மட்டுந்தான் தெரிஞ்சுது."

எனக்கு அன்று தெரிந்தது ஊசி. மைத்துனரின் தோளுக்கு மேலாகச் சுற்று முழுவதும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அது டர்போ மாப்ளே. கெளம்புச்சுன்னா பிடிக்க முடியாது" என்றார். ஊசி அசையவில்லை. கல்யாணத்தன்று பெண்ணைப் பற்றி நினைக்காமல் ஊசியைப் பற்றி நினைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை வடிவிடம் சொல்லவில்லை.

"அண்ணன் பொம்பளைகள ஏத்த மாட்டாக" என்றாள் அவள், கைப்பிடியைப் பார்த்து. "ஏத்துனா மாப்பிள்ள காரோட களை போயிருமாம். அண்ணிகூட ஏறினதில்ல."

மைத்துனருக்கு இதுபோலப் பல நம்பிக்கைகள் உண்டு. நாரை அவ்வளவு அழுத்தித் தேய்த்தால் குரோமியப் பூச்சு போய்விடும் என்று அவளிடம் சொன்னேன்.

பொரியலில் உப்பு இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

போபண்ணா மீண்டும் ஃபோன் செய்தார். "சார், ஆறாந்தேதி லாரியோட வர்றேன்."

"எதற்கு?"

"நீங்கதானே சார் பாக்கலாம்னு சொன்னீங்க. பாக்க வர்றேன். பாத்ததும் ஏத்திக்கிறேன்."

இதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. சொல்லின் நேர்ப்பொருள் அவர் பக்கம் இருக்கிறது. ஒரு தாளில் 'காரைத் தருவதற்கில்லை' என்று எழுதிக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப அழைத்தேன். அவர் என் உடல்நலம் விசாரித்தார். கார் வந்து நிற்கப்போகும் இடத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருப்பதாகச் சொன்னார். மகிழ்ச்சியில் அவருக்குக் குரல் நடுங்கியது. தாளைப் பார்த்தேன். "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வடிவிடம் விஷயத்தைச் சொன்னேன். காய் நறுக்கும் கத்தி ஒரு கணம் நின்றது.

"ஒங்க இஷ்டம்."

அவளுக்கு ஆட்சேபம் இல்லை என்பது நிம்மதி. ஆனால் சாம்பார், கூட்டு, மோர் எதிலும் உப்பு இல்லை. நாளை வேறு கம்பெனி உப்பு வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வேறு கம்பெனி உப்பு. பலன் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பூ அலங்காரம் செய்யும் மாசானம் அளவெடுக்க வந்தார். பின் மூடி முழுக்க மல்லிகையும் ரோஜா இதழுமாக ஒரு திரை போடப்போகிறாராம்.

"அங்கே துளைகள் இருக்கின்றன. இன்ஜின் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது" என்றேன்.

"டிக்கிக்கு எதுக்கு சார்வாள் மூச்சு?"

"டிக்கி முன்னால் இருக்கிறது. இது இன்ஜின்."

மாசானம் முன்னால் போய்ப் பார்த்தார். பின்னால் வந்து பார்த்தார். "மொகம் எதுவா இருந்தா என்ன, ஃபோட்டோக்காரன் பின்னாலதான நிப்பான்? ஓட்டையெல்லாம் தெரியாம நச்சுன்னு மூடிருதேன். நல்லாருக்கும்லா?"

செய்யாதே என்று சொல்ல வேண்டிய இடம் இது. எனக்கு அது தெரிந்தே இருந்தது.

"பார்க்கலாம்" என்றேன்.

"அப்பம் சரி" என்றார். டவுன்காரர்களும் இப்போதெல்லாம் மாறிவிட்டார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மாலை சந்திப் பிள்ளையார் கோவில் வாசலில் புறப்பட்டோம். பின் சீட்டின் மேல் மாப்பிள்ளை, தலையில் மைத்துனரின் பட்டுத் தலைப்பாகை. முன்னால் நாயனமும் தவிலும். எனக்குப் பக்கத்து சீட்டில் சங்கரநயினார். பெண்கள் எல்லாரும் மண்டபத்தில் ஆரத்தியோடு காத்திருந்தார்கள்; வடிவும் அங்கே. பின் மூடியில் மாசானத்தின் பூத்திரை. துளை ஒன்றுகூடத் தெரியவில்லை.

கீழ ரத வீதி திரும்பும்போது வெப்பமானி ஏறத் தொடங்கியது. தெற்கு ரத வீதியில் எங்கிருந்தோ 'ர்ர்ர்' என்று ஓர் ஒலி. அளவுக்கு மேல் சூடானால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி அது. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"சார்வாள், ஒங்க சுருதி சேரல."

சூடு ஏறினால் ஹீட்டரைத் திறந்துவிட வேண்டும் என்று எங்கோ படித்த நினைவு. அது தண்ணீர் ஓடும் கார்களுக்குச் சொன்னதாக இருக்கலாம். நெம்புகோலை இழுத்தேன். முன் கண்ணாடிக்கு அடியிலிருந்த நீண்ட துளையிலிருந்து ஒரு ரோஜா இதழ் எட்டிப் பார்த்தது. பிறகு நான்கு. பிறகு, எப்படிச் சொல்வது, வறுத்த மல்லிகை வாசத்தோடு வெதுவெதுப்பாக ஒரு பூமழை. திரையின் உதிரிகளை விசிறி உறிஞ்சி, இன்ஜின்மேல் ஓட்டி, ஹீட்டர் குழாய் வழியாக முன்னால் அனுப்பியிருக்கிறது. இதழ்கள் பறந்து மாப்பிள்ளையின் தலைப்பாகையில் போய் உட்கார்ந்தன.

தெரு ஆர்ப்பரித்தது.

"ஏ, அமெரிக்கக் காருல பூ தூவுத மிசினு இருக்குடே!"

"இத்தன வருசம் இத மறச்சு வச்சிருக்காம் பாரேன், அந்தக் குத்தாலலிங்கம்!"

மாப்பிள்ளை மட்டும், "சார், ஒண்ணு கழுத்துக்குள்ள போயிருச்சு, சுடுது" என்றார்.

அதற்குள் பின்புறம் புகை. "தண்ணி ஊத்துங்கவே, தண்ணி!" என்று யாரோ கத்த, சங்கரநயினார் இறங்கி ஓடி ஒரு வீட்டிலிருந்து நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் உலோகம் விண்டுவிடும். குடம் சாய்வதைக் கண்ணாடியில் பார்த்தேன். என் வாய் 'பா' என்று தொடங்கியது எனக்கே தெரிந்தது.

"ஊத்தாதீங்க!"

நாயனம் நின்றது. தவில் நின்றது. நான் இறங்கி, மாசானத்தின் பூத்திரையை இரு கையாலும் பிய்த்து எறிந்தேன். மாசானம் தலையில் கைவைத்தார். திரும்பி ஏறி, கியரில் போடாமல் இன்ஜினை வேகமாக ஓடவிட்டேன். மிச்ச இதழ்கள் முழுவதும் ஒரே வீச்சில் கிளம்பின. மெல்ல மெல்லச் சூடு இறங்கியது.

"சார்வாளா சத்தம் போட்டது?" என்று சங்கரநயினார் குடத்தோடு நின்றார். "நெசமாவா?"

நாங்கள் மண்டபம் சேர்ந்தபோது உள்ளே ஓர் இதழ் இல்லை. ஆரத்தி வரிசையில் வடிவு நின்றிருந்தாள். காரைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் ஒட்டியிருந்த ஓர் இதழை எடுத்துப் பார்த்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையிலிருந்து மூன்று வீட்டார் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் பூ தூவும் கார் வேண்டும். மூவரிடமும் பார்க்கலாம் என்றேன். மூவரும் தேதி குறித்துக்கொண்டு போனார்கள். இந்தச் சொல் பழுதாகிவிட்டது.

"ஊரே பாத்திருக்கு" என்றாள் வடிவு. "பால்காரம்மாகூடப் பாத்திருக்கா."

மதியம் ஒன்றைக் கவனித்தேன். அவள் தன் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக் கலந்துகொண்டாள். ஆக, உப்பில் குறையில்லை. பாக்கெட்டுகள் இரண்டும் நல்லவையே.

இதிலிருந்து பெறப்படுவது என்ன என்று மாலைவரை யோசித்தேன். ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 6, சனி

போபண்ணா லாரியோடு வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். பின் மூடியைத் திறந்து, டர்போவின் இரும்பு நத்தை ஓட்டைத் தொட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு பத்திரிகைல இதோட படம் பாத்தேன் சார். எல்லாரும் பெரிய இன்ஜின் வச்சப்ப, இவங்க சின்ன இன்ஜினுக்குத் தைரியம் குடுத்தாங்க." பிறகு என்னிடம், "டர்போ வேலை செய்யுதா?" என்றார்.

"தெரியாது. ஊசி நடுக்கோட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை."

"பாக்கலாமா?" என்றார்.

வாழ்நாளில் அந்தச் சொல்லை என்னிடம் யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை. "பார்க்கலாம்" என்றேன். இந்தத் தடவை அதற்குப் பார்க்கலாம் என்றே பொருள்.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். போபண்ணா வலப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். வடிவு வாசற்படியில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தாள்.

"இல்லை" என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "நீங்கள் இறங்குங்கள். அது அவள் சீட்."

போபண்ணா காலை எடுத்தார். வடிவு நகரவில்லை.

"வா" என்றேன். "திருச்செந்தூர்."

"இந்தச் சேலையோடயா?"

"ஆமாம்."

துணியைப் படியில் வைத்துவிட்டு வந்து ஏறினாள். கதவை இரண்டு தடவை சாத்தினாள். முதல் தடவையே சரியாகச் சாத்தியிருந்தது.

பாளையங்கோட்டை தாண்டும்வரை நாயன வேகம். அதன் பிறகு சாலை நேராக, காலியாக இருந்தது. கையேட்டில் சொன்னபடி மூன்றாம் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் கணக்கு தவறு என்று நினைத்தேன். அப்புறம் முதுகுக்குப் பின்னால் மெல்லிய விசில் ஒன்று எழுந்து ஏறிக்கொண்டே போனது. சீட் என்னை முன்னால் தள்ளியது. ஊசி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயிற்று.

ஹீட்டரை மூட மறந்திருந்தேன். எங்கே சிக்கியிருந்தனவோ, காய்ந்த இதழ்கள் கிளம்பி வடிவின் முகத்திலும் முடியிலும் விழுந்தன. அவள் அலறினாள். வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் கொறைக்கீங்க?" என்றாள். "அழுத்துங்க!"

அழுத்தினேன். கொஞ்ச தூரம் கழித்து, காற்றுக்கு மேலாகக் கத்திக் கேட்டாள்: "அண்ணன் இதுல இப்படிப் போனதே இல்லியோ?"

எத்தனை ஊர்வலங்களில் அந்த ஊசி அசையாமல் கிடந்தது என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

"இல்லை" என்றேன்.

"பயந்தாங்கொள்ளி" என்றாள், முடியிலிருந்து ஓர் இதழை எடுத்தபடி.

கோயிலைப் பார்த்துவிட்டு, சுக்குக் காப்பி குடித்துவிட்டு, மாலையில் திரும்பினோம். போபண்ணா லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடி வந்தார்.

"பாத்தீங்களா சார்?"

"பார்த்தோம்" என்றேன். "கார் தருவதற்கில்லை."

வடிவின் தலையைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காரின் பின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் சூடாக இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்றாள் வடிவு. "டிரைவரயும் கூப்பிடுங்க."

செப்டம்பர் 7, ஞாயிறு

முன் டயர் பதினைந்து, பின் டயர் இருபத்தாறு. மோட்டார் மீண்டும் ஒழுகுகிறது.

குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதல். சொல்லவில்லை.